அக்காவின் குழியில் கிடந்த பூச்சி

எங்கள் வயதுக்காரர் நான்கு பேர் ஒரு கலியாண வீட்டில் அருகருகே இருந்தால் ஐந்தாவது நிமிடம் கதை வயிற்றுக்கு வந்துவிடுகிறது. யாருக்கு எத்தனை நாளாகப் போகவில்லை, யாருக்குச் சோறு நெஞ்சோடு நிற்கிறது, யாருக்கு எந்தக் குளிசை ஒத்துவந்தது என்பதுதான் கதை. பந்தியில் பாயசம் வந்துகொண்டிருக்கும். பக்கத்திலிருப்பவர் தான் காலையில் போனதன் நிறத்தை விளக்கிக்கொண்டிருப்பார். எனக்குக் குமட்டும். உங்களுக்குக் குமட்டவில்லை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சுகாதாரம் படிப்பித்தவள் நான். வாயில் தொடங்கி இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று கரும்பலகையில் வண்ணச் சோக்கால் எத்தனை தரம் வரைந்திருப்பேன். சோக்குக் குடலுக்கு மணம் இல்லை. அதனால்தான் அந்தப் பாடத்தை என்னால் படிப்பிக்க முடிந்தது.

போன மாதம் என் முறை வந்தது. வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்க்கவேண்டும் என்றார் டொக்டர். என் பேரப்பிள்ளை போல இளம் பிள்ளை. முதல்நாள் ஒரு தூளைத் தண்ணீரில் கரைத்துப் போத்தல் போத்தலாகக் குடித்து, குடலைக் கழுவி எடுக்கவேண்டும். எலுமிச்சை வாசம் போட்டிருக்கிறார்களாம். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் என் தொண்டை தானாக அடைத்துக்கொண்டது. தூளின் குற்றமில்லை. ஒன்பது வயதில் ஒரு ஓகஸ்ட் விடுமுறையில் அடைத்த தொண்டை அது. அந்த விடுமுறையைப் பற்றி இதுவரை ஒருவரிடம்தான் முழுதாகச் சொன்னேன். அதன் பலனைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு கோப்பாயில். ஐயா யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர். அம்மா, அக்கா, நான், தம்பி. இவர்களோடு மாமி. மாமி ஐயாவின் தங்கச்சி. கலியாணம் கட்டவில்லை. அப்போது முப்பது, முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும். வீட்டில் சமையல் அம்மாவின் பொறுப்பு. சமைத்ததைத் தின்றபின் எங்கள் வயிற்றுக்குள் நடப்பதெல்லாம் மாமியின் பொறுப்பு.

ஒழுங்கையில் எந்தப் பிள்ளைக்கு வயிற்றுக் குத்து என்றாலும் மாமியிடம்தான் கொண்டுவருவார்கள். பிள்ளையைப் பாயில் கிடத்தி, முழங்காலை மடிக்கச் சொல்லி, தொப்புளைச் சுற்றி மூன்று விரலால் அமத்துவார். காதை வயிற்றில் வைத்துக் கேட்பார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். பிறகு, இதைத்தான் என்னால் இன்றும் மறக்க முடியவில்லை, பிள்ளையின் வாயை மணந்து பார்ப்பார். புளித்த பாலும் ஊத்தைப் பல்லுமாக இருக்கிற வாயை. மூக்கைக்கூடச் சுளிக்கமாட்டார்.

மாமியின் கணக்கில் வயிற்று வருத்தம் நாலே நாலுதான். நாக்கு வெள்ளை பூத்திருந்தால் செமியாக்குணம், இஞ்சிச் சாறு. வயிறு ஊதித் தட்டினால் சத்தம் கேட்டால் வாய்வு, சுட்ட உள்ளி. தின்னும்போது யாரோ ஆசையாய்ப் பார்த்துவிட்டால் வருவது கொதி. அதற்கு ஒரு பிடி உப்பை வாய்க்குள் முணுமுணுத்துத் தருவார், பிள்ளை கரிக்கக் கரிக்கத் தின்னும். இந்த மூன்றும் இல்லையென்றால் பூச்சி. ஐந்தாவதாக ஒரு வருத்தம் மனித வயிற்றுக்கு வரலாம் என்று மாமி நினைத்ததே இல்லை. பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதுதான் பிழையாய்ப் போனது.

பூச்சிக்கு மருந்து பேதி. உங்களுக்கும் குடுத்திருப்பார்கள், முகத்தைத் திருப்பாதீர்கள். வருடத்தில் ஒருமுறை, ஓகஸ்ட் விடுமுறையில், வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே நாளில். முதல்நாள் பின்னேரம் மாமி மண்வெட்டியோடு வாழைகளுக்குப் பின்னால் போவார். செம்பாட்டு மண்ணில் மூன்று சிறு குழி வெட்டுவார். அடியில் சாம்பல் தூவுவார். குழிகளுக்கு நடுவே பழைய தென்னோலைக் கிடுகு மறைப்பு. ஒவ்வொரு குழிக்கும் முன்னால் ஒரு கிளுவந் தடி குத்தி, அதில் கிழிந்த சீலைக் கீலம் ஒன்றைக் கட்டுவார். அக்காவுக்குச் சிவப்பு, எனக்கு வெள்ளை, தம்பிக்கு நீலம். வீட்டில் கக்கூசு இருந்தது. ஆனால் கக்கூசு வாளிக்குள் எது யாருடையது என்று எப்படித் தெரியும்? மாமிக்குத் தெரிந்தாகவேண்டும்.

விடியக் காலமை, பல் தீட்டின கையோடு, எனாமல் கோப்பை வரும். விளிம்பில் எனாமல் உடைந்து கறுத்த கோப்பை. அடியில் ஆமணக்கெண்ணெய், மேலே கொதிக்கக் கொதிக்கக் கோப்பி. எண்ணெய் வட்டம் வட்டமாக மேலே மிதந்து வரும். குடித்தால் கோப்பி இறங்கிவிடும், எண்ணெய் இறங்காது. பல்லிடுக்கிலும் அண்ணத்திலும் பசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். சத்தி வராமலிருக்கத் தேசி இலையை, எலுமிச்சை இலைதான், கசக்கி மூக்கில் வைப்பார். சத்தி எடுத்தால் மீண்டும் முதலிலிருந்து ஒரு கோப்பை. ஒரு வருடம் தம்பி மூன்று கோப்பை குடித்தான்.

அதற்குப் பிறகு நடப்பதை உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. மத்தியானம் வரைக்கும் வாழைக்குள் ஓட்டமும் வரவும்தான். எல்லாம் ஓய்ந்தபின் மாமி ஒரு தென்னை ஈர்க்கோடு போய், ஒவ்வொரு குழிக்கு முன்னாலும் குந்தியிருந்து கிளறிப் பார்ப்பார். நெல்லில் கல் பொறுக்குகிற பொறுமை. பிறகு கிணற்றடியில் கை கழுவிவிட்டு வந்து, நாங்கள் மோரும் சோறும் தின்றுகொண்டிருக்கும்போதே முடிவைச் சொல்லுவார். ஐயா ஆவலாகக் கேட்பார், ஏதோ பள்ளிக்கூடச் சோதனை மறுமொழி மாதிரி.

நான் சொல்லவந்த ஓகஸ்டுக்கு முந்தின வருடம் பூச்சி விழுந்தது எனக்கு மட்டும். மாமி சொன்ன எண்ணிக்கையைத் தம்பி ஒழுங்கை முழுக்கச் சொன்னான், பள்ளிக்கூடத்திலும் சொன்னான். தீபாவளி வரைக்கும் என் பெயர் பூச்சிப்பெட்டி. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளை வாங்கின் மறுநுனிக்குத் தள்ளி இருந்தாள். நான் குடித்த பேணியில் தம்பி குடிக்கமாட்டான். சிரிப்புக்குத்தான் செய்தார்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். எட்டு வயதிலேயே அருவருப்பும் சிரிப்பும் வேறுவேறு என்று எனக்குத் தெரியும். என்னைத் தொட்ட கையைப் பிள்ளைகள் சட்டையில் துடைத்தார்கள். அதைச் சிரிப்பு என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவேண்டாம்.

சரி, அந்த ஓகஸ்டுக்கு வருவோம். பேதி நாளுக்கு முதல்நாள் காலையிலிருந்து அக்காவுக்கு வயிற்றுக் குத்து. அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. தொப்புளடியில் தொடங்கியது, பின்னேரம் வலப்பக்கம் கீழே இறங்கியது. ஒரு வாய் சாப்பிடவில்லை. வலக்காலை மடக்கிக்கொண்டு சுருண்டு படுத்தாள். அம்மா பயந்துபோனார். அந்த வயசுப் பிள்ளை, பெரியபிள்ளையாகப் போகிறாளோ என்றும் ஒரு சந்தேகம் அம்மாவுக்கு. மாமியிடம் காதுக்குள் ஏதோ சொன்னார். மாமி அக்காவின் வயிற்றை அமத்தினார். அக்கா வீரிட்டுக் கத்தினாள்.

"அமத்தேக்கை இல்லை மாமி, நீங்கள் கையை எடுக்கேக்கைதான் கூட நோகுது" என்றாள்.

இந்த ஒரு வசனம் போதும். இன்று எந்த மருத்துவ மாணவனும் இதைக் கேட்டதும் எழும்பி நிற்பான். எங்கள் வீட்டில் யாருக்கும் அது ஒரு செய்தியாகப் படவில்லை.

"ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயாவிட்டை ஒருக்காக் காட்டுவமே மச்சாள்?" என்றார் அம்மா.

மாமி யோசித்தார். பிடிவாதக்காரி என்று பின்னாளில் அவரைப் பற்றி எல்லாரும் சொன்னார்கள். அது பொய். அன்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"நாளைக்கு எல்லாருக்கும் பேதி குடுக்கிற நாள்தானே மச்சாள். இவளுக்கும் குடுத்துப் பாப்பம். பூச்சி விழுந்தால் உந்தக் குத்து பூச்சிக் குத்து. விழேல்லையெண்டால் இது என்ரை கைக்கு அடங்கின வருத்தமில்லை. மத்தியானமே கார் பிடிச்சுக் கொண்டுபோவம். நான் அண்ணைக்குச் சொல்லுறன்."

அம்மா தலையாட்டினார். ஐயாவும் ஓம் என்றார். ஆக, அக்கா டொக்டரிடம் போவதா இல்லையா என்பதை, அடுத்த நாள் வாழைக்குப் பின்னால் சிவப்புக் கீலம் கட்டிய குழி முடிவுசெய்யவேண்டும். அது எனக்கும் தெரியும். பின்னாளில் எனக்கு நானே எத்தனை தரம் சொல்லிப் பார்த்தேன், சின்னப் பிள்ளை, உனக்கு என்ன விளங்கியிருக்கும் என்று. எனக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

விடிந்தது. மூன்று கோப்பை வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். இரண்டு தரம்தான் போனாள், அம்மா வாழை வரைக்கும் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோனார். பிறகு எழும்ப முடியாமல் பாயில் கிடந்தாள். நான் நாலாவது தரம் போனபோது எனக்குள் இருந்து வேறு ஏதோ இறங்குவது தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன்.

என் சாண் நீளம் இருக்கும். வெள்ளையுமில்லை, சிவப்புமில்லை, அவித்த இறால் நிறம். சாம்பலுக்குள் நெளிந்துகொண்டிருந்தது. எனக்குள் இருந்தது, நான் தின்றதைத் தின்றது, நான் படுக்கும்போது எனக்குள் படுத்தது. உடம்பெல்லாம் கூசியது. என் தோலையே கழற்றிக் கிணற்றடியில் வைத்துவிட வேண்டும் போலிருந்தது. பிறகு தம்பியின் முகம் நினைவு வந்தது. பூச்சிப்பெட்டி. இன்னுமொரு வருடம்.

கிடுகுக்கு மேலால் அக்காவின் குழியை எட்டிப் பார்த்தேன். கோப்பி நிறத்தில் தண்ணீர் மட்டும்தான். நாற்றம் என்னுடையதைவிட மோசம். ஆனால் பூச்சி இல்லை.

சீலைக் கீலத்தை அவிழ்க்கப் பார்த்தேன். மாமியின் முடிச்சு, பனியில் நனைந்து இறுகியிருந்தது. நகத்துக்கு அசையவில்லை. குந்தியிருந்து பல்லால் கடித்து இழுத்தேன். அந்த நாற்றத்துக்குள், அந்த மண்ணுக்குப் பக்கத்தில், வாயை வைத்து. முதலில் வெள்ளை, பிறகு சிவப்பு. மாற்றிக் கட்டினேன். கிணற்றடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தேன். திரும்பத் திரும்பக் கொப்பளித்தேன்.

மத்தியானம் மாமி ஈர்க்கோடு போனார். வழமையாக ஆறி அமர வருகிறவர் அன்று ஓடிவந்தார். முகம் முழுக்கச் சந்தோசம்.

"மச்சாள்! விழுந்திட்டுது! பாம்பு மாதிரி ஒண்டு கிடக்கு. உதுதான் பிள்ளையைத் திண்டது."

அம்மா அப்படியே நிலத்தில் இருந்து, சாமியறைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். மாமி சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். இரவு முழுக்க அவர் நித்திரை கொள்ளவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவரும் பயந்துதான் இருந்திருக்கிறார்.

பாயில் கிடந்த அக்கா தலையைத் தூக்கினாள்.

"எனக்கு ஒண்டும் விழேல்லை மாமி. நான் பாத்தனான். தண்ணிதான்."

"வெக்கப்படாதை மோனை. பூச்சி எல்லாருக்கும் வாறதுதானே."

"இல்லை மாமி, உண்மையா. எனக்கு இஞ்சாலைதான் குத்துது. டொக்டரிட்டைக் கொண்டுபோங்கோ."

"வெக்கத்திலை சொல்லுறாள்" என்று மாமி அம்மாவிடம் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் வயிற்றைப் பற்றிச் சொல்வதை விட, தடியில் கட்டிய சீலைத் துண்டு சொல்வதை நம்பினார்கள். நான் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பேணியை முகத்தோடு வைத்துக்கொண்டேன். அந்த மத்தியானம் கார் வரவில்லை.

ஒரு பூச்சி விழுந்தால் உள்ளே இன்னும் இருக்கும் என்பது மாமியின் கணக்கு. அடுத்த நாள் காலை அக்காவுக்கு மட்டும் மறுபடி கோப்பை. அவளுக்குக் காய்ச்சல் காய்ந்தது. வேண்டாம் வேண்டாம் என்று வாயை இறுக்கிக்கொண்டாள். அம்மா மூக்கைப் பொத்த, மாமி ஊற்றினார். பாதி கழுத்தில் வழிந்தது. அந்த எண்ணெய் அவளுடைய தலைமயிரில் பிசுபிசுவென்று ஒட்டிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நான் வாசற்படியில் நின்றேன். வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். அடி விழும், தம்பி சிரிப்பான், அவ்வளவுதான். சொல்லவில்லை.

மத்தியானத்துக்குக் கிட்ட அக்கா அழுகையை நிறுத்தினாள். "இப்ப நோகேல்லை" என்றாள். மாமி அவளுடைய நெற்றியில் திருநீறு பூசினார். "பாத்தியளே, குத்து விட்டிட்டுது" என்று அம்மாவிடம் சொன்னார். கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். வீடே மூச்சு விட்டது. பின்னாளில் புத்தகத்தில் படித்தேன். குடல்வளரி, பெருங்குடலின் தொடக்கத்தில் தொங்குகிற சிறு வால், வீங்கி வீங்கி வெடிக்கும்போது சில மணித்தியாலம் நோ குறையுமாம். நாங்கள் ஆறுதலாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய வயிற்றுக்குள் சீழும் மலமும் பரவிக்கொண்டிருந்தன.

பொழுதுபடமுன் அக்கா பச்சையாகச் சத்தி எடுத்தாள். மணம் வாயால் வருகிற மணமாகவே இல்லை. வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. கந்தோரால் வந்த ஐயா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சந்தியில் வாடகைக் கார் பிடித்து வந்தார். அக்கா என்னுடைய கையைப் பிடித்திருந்தாள், விடவில்லை. விரலைப் பிரிக்க நேரமில்லாமல் என்னையும் சேர்த்துக் காருக்குள் ஏற்றினார்கள். தம்பியோடு அம்மா வீட்டில் நிற்க, ஐயா, மாமி, நான், அக்கா பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அந்த மணம். காரோட்டி தன் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தை வெளியே வைத்துக்கொண்டு ஓட்டினார்.

டொக்டர் வயிற்றில் ஒரு தரம்தான் கை வைத்தார்.

"ஆர் இந்தப் பிள்ளைக்குப் பேதி குடுத்தது?"

அக்காவின் வாயிலும் மயிரிலும் எண்ணெய் மணம், அவருக்கு மறுமொழி தேவைப்படவில்லை.

"குடல்வளரி வெடிச்சுப்போச்சு. உங்களுக்கு மூளை கிடக்கோ? வெட்டித் துப்பரவாக்க வேணும். பிழைச்சால் உங்கடை அதிட்டம்" என்று சொல்லிக்கொண்டே அவர் வண்டிலோடு உள்ளே போனார். கதவு மூடியது.

விறாந்தையில் ஐயா மாமியின் பக்கம் திரும்பினார். ஐயா சத்தமாய்க் கதைத்து நான் அதுவரை கேட்டதில்லை, அன்றும் சத்தமாய்க் கதைக்கவில்லை.

"நீ பெத்தனியே? பெத்திருந்தால் தெரிஞ்சிருக்கும்."

மாமி ஐயாவுக்குக் கிட்ட வந்தார். "அண்ணை, பூச்சி விழேல்லையெண்டால் கொண்டுபோவம் எண்டுதானே சொன்னனான். விழுந்தது அண்ணை. என்ரை ரண்டு கண்ணாலையும் பாத்தனான். அவளின்ரை குழியிலைதான் கிடந்தது."

"ஆருக்கு வேணும் உன்ரை குழி?"

மாமி என்னைப் பார்த்தார். அந்த விறாந்தையில் அவருக்கு வேறு சாட்சி இல்லை.

"பிள்ளை, நீயும் குழியடியிலை நிண்டனியெல்லோ. சிவப்புக் கீலம் கட்டின குழியிலை பூச்சி கிடந்ததுதானே? ஐயாவுக்குச் சொல்லு மோனை."

அதைச் சொன்னால்கூட மாமி தப்பியிருப்பார், பாதியாவது. உண்மையைச் சொல்லும்படிகூட அவர் என்னைக் கேட்கவில்லை. நான் செய்த பொய்யைச் சொல்லும்படிதான் கேட்டார். ஆனால் அதைப்பற்றிப் பேச வாயைத் திறந்தால் மிச்சமும் வந்துவிடும் என்று பயந்தேன்.

"எனக்குத் தெரியாது" என்றேன். "நான் ஒண்டும் காணேல்லை."

ஐயா மாமியை ஒருமுறை பார்த்தார். பொய்க்காரியைப் பார்க்கிற பார்வை. "பிள்ளை பிழைச்சாலும் சரி, செத்தாலும் சரி, நீ இனி என்ரை பிள்ளையளிலை கை வைக்கக்கூடாது" என்றார்.

அக்கா பிழைத்தாள். வயிற்றில் குழாய் வைத்துச் சீழ் எடுத்து, இரண்டு மாதம் கட்டிலில் கிடந்து எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தாள். அதற்குள் மாமி போய்விட்டார். வட்டுக்கோட்டையில் சித்தப்பா வீட்டுக்கு. அவர் போன நாளில் எனாமல் கோப்பையை அம்மா வளவு மூலைக் குப்பைக்குள் எறிந்தார். குழிகளை ஐயா மூடினார். எங்கள் வீட்டில் பிறகு யாரும் பேதி குடிக்கவில்லை. எனக்கு அந்த வருடம் யாரும் பட்டப்பெயர் வைக்கவுமில்லை.

அக்கா இன்று குளிர்த் தேசமொன்றில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். தொப்புளிலிருந்து கீழே பெரிய தழும்பு. குழியைப் பற்றி அவள் என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. தெரியுமோ தெரியாதோ, நானும் கேட்கவில்லை. மாமியைப் பற்றிக் கதை வந்தால் "பாவம், படிப்பறிவில்லாத மனிசி" என்பாள். நான் ஓம் என்பேன். படிப்பறிவுள்ளவள் ஓம் என்பேன்.

சித்தப்பா வீட்டில் மாமி கோடிப்புறத்து அறையில் இருந்தார். அங்கே பிள்ளைகள் பிறந்தன, அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்தன. ஒன்றையும் அவர் தூக்கவில்லையாம். குடுத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாராம். "என்ரை கை கூடாது, தாயிட்டைக் குடு" என்பாராம். இதைச் சித்தப்பாவின் மகள் எனக்குச் சிரிப்பாகச் சொன்னாள். ஐயாவின் செத்தவீட்டுக்கு வந்தவர் படலையடியில் நின்றே அழுதுவிட்டுப் பஸ்ஸேறிப் போனார். ஐயா கை வைக்காதே என்றுதான் சொன்னார், வராதே என்று சொல்லவில்லை. மாமிக்கு இரண்டும் ஒன்று. நான் கண்டும் படலைக்குப் போகவில்லை.

என்னிடம் படித்த பெடியன் ஒருவன் பெரிய சத்திரசிகிச்சை டொக்டர் ஆனான். ஒருமுறை, யாரோ ஒருவருடைய கதை போல அவனிடம் இதைக் கேட்டேன். "டீச்சர், குடல்வளரிக்கு முதல் பேதியே கூடாது. அந்த மாமி அண்டைக்கே பிழை விட்டிட்டா" என்றான். எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமோ? வீட்டுக்கு வந்து ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிச் சந்தோசமாகக் குடித்தேன். பாதிக் கோப்பையில் நினைவு வந்தது. நான் கீலத்தை மாற்றியிராவிட்டால் முதல் பேதிக்குப் பிறகு மத்தியானம் கார் வந்திருக்கும், இரண்டாவது கோப்பை இருந்திருக்காது. மிச்சத் தேத்தண்ணியை ஊற்றிவிட்டேன்.

நான் ஓய்வுபெற்ற வருடம் மாமி படுக்கையில் விழுந்தார். எண்பதைத் தாண்டியிருந்தார். குடல் ஒன்றையும் தாங்கவில்லை. குடித்த தண்ணீரும் கட்டிலோடு போனது. சித்தப்பாவின் மகள் தனியே கஷ்டப்படுகிறாள் என்று கேள்விப்பட்டு, நான் போய் நின்றேன். துணி மாற்றினேன், கழுவினேன், புண்ணுக்கு மருந்து போட்டேன். என்னைப் போல அருவருப்புக்காரி மூக்கைச் சுளிக்காமல் இதைச் செய்கிறாளே என்று எல்லாரும் வியந்தார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். கடனைக் கழிப்பதாக நினைத்தேன். மாமி என் தலையைத் தடவி, "என்ரை அண்ணையின்ரை பிள்ளை வந்து பாக்குது" என்று வந்தவர்களிடம் சொன்னார். அந்தத் தடவலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு காலமை, கழுவித் துடைத்துப் புதுத் துணி விரித்தபின், கட்டிலருகே இருந்து சொன்னேன்.

"மாமி, அக்காவின்ரை குழியிலை கிடந்த பூச்சி என்ரை. நான்தான் கீலத்தை மாத்திக் கட்டினனான்."

எதை, எந்தக் குழி என்று அவர் கேட்கவில்லை. ஐம்பது வருடமாக அதற்கு முன்னாலேயே குந்தியிருந்தவர் மாதிரி, உடனே விளங்கிக்கொண்டார். கண்ணை மூடினார்.

"ஆஸ்பத்திரியிலை நான் உன்னைக் கேட்டனான்" என்றார்.

"ஓம் மாமி."

"அண்ணைக்குப் பேந்தாவது சொன்னனியோ?"

"இல்லை."

"அப்ப இப்ப எனக்கு ஏன் சொல்லுறாய்?"

நான் புதுத் துணியின் சுருக்கை இழுத்து நேராக்கினேன்.

கொஞ்ச நேரத்தில், சித்தப்பாவின் மகள் குசினியில் நின்றபோது, அவருக்கு மறுபடி கட்டிலோடு போனது. நான் சுடுதண்ணீர்க் கோப்பையையும் துணியையும் எடுத்துக்கொண்டு கிட்டப் போனேன். போர்வையை விலக்கக் கை நீட்டினேன். மாமி அந்தப் போர்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பலம் அந்தக் கைகளில் மிச்சமிருந்தது எனக்குத் தெரியாது. ஒழுங்கைப் பிள்ளைகளின் வாயை மணந்தபோதும், எங்கள் குழிகளைக் கிளறியபோதும் சுளிக்காத முகம் என் கையைப் பார்த்துச் சுளித்தது.

"நீ தொடாதை" என்றார். "மற்றப் பிள்ளையைக் கூப்பிடு."